காய்ச்சலுக்குப் பெயர் தந்தவர்

பாகூர் ஏரி நிரம்பி, வரப்புகளில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் மார்கழி, தை மாதங்களில் புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களில் காய்ச்சல் வருவது புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு தை மாதத்தில் என் தமக்கையின் கணவர் காய்ச்சலில் படுத்தார். பாகூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் கரும்பும் நெல்லும் பயிரிட்டு, இரண்டு கறவை மாடுகளையும் வைத்துக்கொண்டு வாழ்பவர் அவர். டெங்கு இல்லை என்றார்கள். டைபாய்டு இருக்கலாம் என்றார்கள். ஒன்பது நாள்களில் மூன்று மருத்துவர்கள், இரண்டு வகை ஊசிகள், ஐந்தாறு ரத்தப் பரிசோதனைகள். காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்கத் தொடங்கியது.

பத்தாம் நாள் வேறொரு மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர் அவருடைய வேட்டிக் கட்டைத் தளர்த்தி இடுப்பைப் பார்த்தார். பீடி நெருப்பால் சுட்டது போல ஒரு கரும்புண் இருந்தது. வலி இல்லாததால் நோயாளி அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. அன்றிரவே மருந்து மாற்றப்பட்டது. இரண்டே நாள்களில் காய்ச்சல் விட்டது. அந்த மாத்திரைகளுக்கு ஆன செலவு மருத்துவமனைக்குச் சென்றுவந்த ஆட்டோ கட்டணத்தைவிடக் குறைவு. முந்தைய ஒன்பது நாள்களுக்கு ஆன செலவோ ஒரு கறவை மாட்டின் விலையில் பாதி.

வீடு திரும்பும்போது தந்த சீட்டில் ரிக்கெட்சியா வகைத் தொற்று என்று எழுதியிருந்தது. அது என்ன பெயர் என்று என் தமக்கை கேட்டார். பொருளாதாரம் கற்பித்துக் காலம் கழித்த எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்தது. ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் என்னும் அந்த அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் 1910-ஆம் ஆண்டு, தம் 39-ஆம் வயதில், தாம் ஆராய்ந்துகொண்டிருந்த காய்ச்சலுக்கே இரையானவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி நம் கிராமங்களை மனத்தில் வைத்துச் சிலவற்றைச் சொல்லவேண்டும் என்று அன்றுமுதல் எண்ணிவந்தேன்.

ரிக்கெட்ஸ் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று ஒஹையோ மாநிலத்தின் பின்ட்லி என்னும் ஊரில் பிறந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1894-இல் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவை உலுக்கிய 1893-ஆம் ஆண்டு நிதி நெருக்கடி. வங்கிகள் மூடப்பட்டதையும் ரயில் நிறுவனங்கள் நொடித்ததையும் முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் பட்டியலிட்டுச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த நெருக்கடியில் கைப்பொருளை இழந்த குடும்பங்களுள் ரிக்கெட்ஸின் குடும்பமும் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர் வேலை செய்துகொண்டே படித்தார், உடல்நலம் குன்றியது, ஆயினும் 1897-இல் மருத்துவரானார்.

குக் கவுண்டி மருத்துவமனையில் பயிற்சி, பின்னர் ரஷ் மருத்துவக் கல்லூரியில் பூஞ்சையால் வரும் தோல்நோய் ஒன்றைப் பற்றிய ஆய்வு. 1900-இல் மைரா டப்ஸ் என்பவரை மணந்தார். ஐரோப்பா சென்று பெர்லின், பாரிஸ் ஆய்வுக்கூடங்களைக் கண்டு திரும்பி, 1902-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியல் துறையில் லுட்விக் ஹெக்டோனின் கீழ்ப் பணியில் சேர்ந்தார். தொற்று, எதிர்ப்பாற்றல், சீரம் சிகிச்சை ஆகியவை குறித்து 1906-இல் ஒரு பாடநூலையும் வெளியிட்டார். அதுவரை அவருடைய வாழ்க்கை ஒரு நல்ல பேராசிரியரின் வாழ்க்கை, அவ்வளவே. அதே 1906-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் மொன்டானாவுக்கு ரயிலேறினார்.

மொன்டானா மாநிலத்தின் மேற்கில் பிட்டர்ரூட் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. நடுவே ஆறு, இருபுறமும் மலை. ஆண்டுதோறும் பனி உருகும் காலத்தில் அங்கே ஒரு காய்ச்சல் வரும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவந்த புள்ளிகள் தோன்றி உடலெங்கும் பரவும். நோய் கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் வரை இரண்டு வாரத்துக்குள் இறந்துபோனார்கள். மரம் வெட்டுவோர், ஆடு மேய்ப்போர், புதிதாகக் குடியேறிய விவசாயிகள் ஆகியோரையே அது பெரிதும் தாக்கியது. அதைவிட விந்தையான செய்தி ஒன்று உண்டு. ஆற்றின் மேற்குக் கரையில் வாழ்ந்தவர்களுக்கே நோய் வந்தது. கிழக்குக் கரையில் அநேகமாக இல்லை. பனி உருகிய நீரைக் குடிப்பதால் வருகிறது என்று மக்கள் நம்பினார்கள். நம் ஊரில் புதுத்தண்ணீர் வந்ததால் காய்ச்சல் என்று சொல்வதில்லையா, அதுபோல.

ரிக்கெட்ஸ் செல்வதற்கு முன்பே சிலர் உண்ணியைச் சந்தேகித்திருந்தார்கள். வில்சன், சௌனிங் என்ற இரு மின்னசோட்டா ஆய்வாளர்கள் 1902-இல் அவ்வாறு கருதினார்கள். ஆனால் நோய்க்கிருமி என்று அவர்கள் நுண்ணோக்கியில் அடையாளம் காட்டியது தவறானது. வாஷிங்டனிலிருந்து வந்த அரசு விஞ்ஞானி ஸ்டைல்ஸ் அந்தக் கிருமியைத் தேடிக் காணாமல் முழுக் கருத்தையுமே மறுத்தார். கிருமி பற்றிய பிழையோடு உண்ணி பற்றிய உண்மையும் சேர்ந்து குப்பைக்குப் போகவிருந்த நேரம் அது. ரிக்கெட்ஸ் செய்த முதல் நற்செயல் இரண்டு கேள்விகளையும் பிரித்துக்கொண்டதுதான். நோயைச் சுமந்து வருவது எது? சுமக்கப்படும் பொருள் எது? முதற்கேள்விக்கு விடை காண்பதற்கு இரண்டாவதன் விடை தெரிந்திருக்கத் தேவையில்லை.

மிசூலா நகரில் ரயில்வே மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில் கூடாரம் அடித்து அதையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். நோயாளியின் ரத்தத்தைக் கினிப் பன்றிக்குச் செலுத்தினார். அதற்கும் காய்ச்சல் கண்டது. நோயுற்ற கினிப் பன்றியின்மேல் உண்ணியை விட்டுக் குருதி உறிஞ்சச் செய்தார். அதே உண்ணியை எடுத்து நலமான வேறொரு கினிப் பன்றியின்மேல் விட்டார், அதுவும் நோயுற்றது. உண்ணி கடிக்காமல் நோயுற்ற விலங்கின் அருகில் மட்டும் இருந்தவை நலமாகவே இருந்தன. முடிவை 1906-ஆம் ஆண்டே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அரசுப் பொதுநலப் பிரிவைச் சேர்ந்த கிங் என்ற மருத்துவரும் ஏறத்தாழ அதே நாள்களில் தனியே அதே முடிவுக்கு வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அறிவியலில் பெருமை ஒருவருக்கே உரியதாக அமைவது அரிது.

கினிப் பன்றிக்கு உண்ணி நோயைத் தந்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நடப்பது மலையடிவாரத்திலும் நடக்கிறதா என்று பார்க்க அடுத்த மூன்று ஆண்டுகள் வசந்த காலந்தோறும் மொன்டானா சென்றார். புதரிலும் புல்வெளியிலும் பிடித்த உண்ணிகளை நூற்றுக்கணக்கில் சோதித்தார். அவற்றுள் மிகச் சிலவற்றிலேயே நோய் இருந்தது, ஆனால் இருந்தது. நோயுற்ற பெண் உண்ணி இட்ட முட்டையிலும், அதிலிருந்து வந்த குஞ்சிலும் நோய் தொடர்வதைக் கண்டார். தரை அணில் முதலிய சிறு விலங்குகளுக்கும் அது தொற்றும் என்று காட்டினார். அதாவது, ஊரில் ஒரு மனிதன்கூட நோயுறாத ஆண்டிலும் நோய் காட்டில் உயிரோடு இருக்கிறது. மனிதன் அதன் சுழற்சியில் தற்செயலாக வந்து சிக்குபவன். இன்றைக்குப் பாடநூல்களில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் இந்தச் செய்தியை அவர் கூடாரத்தில் உட்கார்ந்து, உண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணி, நிறுவினார்.

இரண்டாவது கேள்விக்கு 1909-இல் வந்தார். நோயாளியின் ரத்தத்திலும் உண்ணியின் உடலிலும் முட்டையிலும் மிக நுண்ணிய கோல் போன்ற உயிரைச் சாயமேற்றிக் கண்டார். அதைக் குடுவையில் வளர்க்க முயன்று தோற்றார். பிற பாக்டீரியாக்களைப் போல அது ஊட்டச்சாற்றில் வளராது. உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும் என்பது அன்று தெரியாது. கோழிக்கருவின் மஞ்சட் பையில் அதை வளர்க்கும் முறை 1938-இல்தான் வந்தது. வளர்த்துக் காட்ட முடியாததால் அந்த உயிருக்கு அவர் பெயர் எதுவும் சூட்டவில்லை. நோயோடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது என்ற அளவில் எழுதி நிறுத்திக்கொண்டார். கண்டதற்கு அதிகமாக ஒரு சொல்லும் சொல்லாத இந்த அடக்கம்தான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

மொன்டானாவில் அவருக்கு எல்லாரும் மாலை சூட்டவில்லை. அந்த ஆண்டுகளில் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்பெற்று வந்தது. கால்வாய் வெட்டி, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கிழக்கு மாநிலங்களில் விளம்பரம் செய்து விற்றார்கள். உண்ணி கடித்தால் இறப்பு என்ற செய்தி பரவினால் மனைக்கு விலை ஏது? நிலம் விற்போருக்கும் வாங்கி வைத்திருந்தோருக்கும் நீர்தான் காரணம் என்ற பழைய நம்பிக்கையே வசதியாக இருந்தது. இதைப் படித்தபோது வில்லியனூர்ச் சாலையில் நான் அன்றாடம் காணும் காட்சி நினைவுக்கு வந்தது. நெல் விளைந்த நிலத்தில் எல்லைக்கல் நட்டு, கொடி கட்டி, மனைகளாக்கி விடுகிறார்கள். பாதி விற்கும், மீதி ஆண்டுக்கணக்கில் புதர் மண்டிக் கிடக்கும். எலிக்கும் மூஞ்சூறுக்கும் அவற்றின்மேல் ஒட்டி வாழும் சிற்றுயிர்களுக்கும் அதைவிட ஏற்ற இடம் இல்லை. அந்தப் புதரில் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்பவரை மனை விற்பவர் எவ்வாறு வரவேற்பார் என்பதை ஊகிக்கப் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை.

பணமும் தட்டுப்பாடாகவே இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மாநில அரசு, பல்கலைக்கழகம், மருத்துவச் சங்கம் என்று பல வாசல்களில் நின்று நிதி திரட்டினார். 1909-இல் மொன்டானா அரசு அறிவித்த நிதி உரிய காலத்தில் கைக்கு வரவில்லை. உண்ணிக்கோ வசந்தம்தான் பருவம். கோப்பு நகரும்வரை அது காத்திருக்காது. ஆய்வு தடைப்பட்ட அந்த இடைவெளியில்தான் அவர் மெக்சிகோவில் பரவியிருந்த டைபஸ் காய்ச்சலின் பக்கம் திரும்பினார். புள்ளிகள், கடுங்காய்ச்சல், மயக்கம் என்று இரண்டு நோய்களுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இருந்தது. இரண்டும் ஒன்றா, வேறா என்பது அவர் மனத்தை அரித்த கேள்வி.

1909 டிசம்பரில் ரஸ்ஸல் வைல்டர் என்ற இளம் உதவியாளருடன் மெக்சிகோ நகரம் சென்றார். சில மாதங்களிலேயே விடைகள் வந்தன. டைபஸைப் பரப்புவது சீலைப்பேன் என்று உறுதிசெய்தார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் சார்ல் நிக்கோல் முந்தைய ஆண்டுதான் தூனிஸ் நகரில் அதே முடிவை எட்டியிருந்தார். மொன்டானாக் காய்ச்சலும் மெக்சிகோக் காய்ச்சலும் வெவ்வேறு நோய்கள் என்றும் தெரிந்தது. டைபஸ் நோயாளியின் ரத்தத்திலும் பேனின் உடலிலும் முன்பு உண்ணியில் கண்டதை ஒத்த நுண்ணுயிரையே ரிக்கெட்ஸ் கண்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. ஏப்ரலில் அவருக்கே டைபஸ் தொற்றியது. 1910 மே 3 அன்று மெக்சிகோ நகரில் இறந்தார். மைராவும் இரண்டு சிறு குழந்தைகளும் எஞ்சினார்கள். மெக்சிகோ அரசு துக்கம் அனுசரித்தது. அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தது.

மொன்டானாவின் நிதி காலத்தில் வந்திருந்தால் அவர் மெக்சிகோ போயிருப்பாரா? வரலாற்றிடம் இப்படிக் கேட்கக்கூடாது என்று என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒருமுறை கேட்கிறேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, ஹாம்பர்க் நகரில் பணியாற்றிய பிரேசில் நாட்டு ஆய்வாளர் ரோச்சா லிமா டைபஸ் கிருமியை ஐயமற நிலைநாட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் ரிக்கெட்சியா புரோவாசெக்கி. புரோவாசெக் என்பவர் ரோச்சா லிமாவின் நண்பர்; 1915-இல் போர்க்கைதிகள் முகாமில் டைபஸை ஆராயும்போது அதே நோயால் இறந்தவர். ஒரே நோயில் மாண்ட, ஒருவரையொருவர் அறியாத இருவரின் பெயர்கள் ஒரு கிருமியின் பெயரில் சேர்ந்தன. மொன்டானாவின் உண்ணிக் காய்ச்சலைத் தருவது இன்று ரிக்கெட்சியா ரிக்கெட்சி எனப்படுகிறது. தாம் பெயர் வைக்காமல் விட்டுச்சென்ற உயிர் அவருடைய பெயரையே இருமுறை சுமக்கிறது.

ஆற்றின் மேற்குக் கரையில் மட்டும் நோய் ஏன் என்ற புதிர் அவர் காலத்தில் அவிழவில்லை. அதை அவிழ்க்க மரபணுவைப் படிக்கும் கலை வரவேண்டியிருந்தது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டதே எல்லா உயிர்களின் டிஎன்ஏவும். ஓர் உண்ணியை நசுக்கி, அதிலுள்ள டிஎன்ஏவைப் பிரித்து, கொரோனா காலத்தில் நாம் அனைவரும் அறிந்துகொண்ட பிசிஆர் முறையில் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பெருக்கி, எழுத்துகளை வரிசையாகப் படித்து, உலகப் பொதுத் தரவகத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டால் அந்த உண்ணிக்குள் யார் குடியிருந்தார் என்பது தெரிந்துவிடும். அது கடைசியாகக் குடித்த ரத்தம் மாட்டுடையதா, நாயுடையதா என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். கிருமியைக் குடுவையில் வளர்க்கவேண்டிய தேவை இல்லை.

கிழக்குக் கரை உண்ணிகளில் ரிக்கெட்சியாவின் நெருங்கிய உறவுள்ள, ஆனால் தீங்கற்ற வேறொரு கிருமி குடியிருப்பது தெரியவந்தது. 1997-இல் மரபணு வரிசையைக் கொண்டு அதைத் தனி இனமாகப் பிரித்து ரிக்கெட்சியா பீகாக்கி என்று பெயரிட்டார்கள். அது குடியிருக்கும் உண்ணியின் சினைப்பைக்குள் கொல்லும் கிருமிக்கு இடம் கிடைப்பதில்லை; எனவே தலைமுறை தாண்டி அது தொடர்வதில்லை. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்துகளைப் படித்தால்தான் வேறுபாடு தெரியும்.

இது தொலைநாட்டுக் கதை என்று எண்ணவேண்டாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுதும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது உண்மையில் மாட்டு உண்ணி அன்று. அதன் தூரத்து உறவான, எளிதில் கண்ணுக்குத் தெரியாத, சிகர் எனப்படும் பூச்சிக் குஞ்சு. என் தமக்கையின் கணவரின் இடுப்பில் இருந்தது அது கடித்த தழும்புதான். அதன் கிருமியும் நெடுங்காலம் ரிக்கெட்சியா என்றே அழைக்கப்பட்டது. மரபணு வேறுபாடு கண்டு 1995-இல் ஓரியன்ஷியா என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். ஆயினும் பழைய குடும்பப் பெயர் மருத்துவச் சீட்டுகளில் வாழ்கிறது. உண்மையான உண்ணிகள் பரப்பும் புள்ளிக் காய்ச்சலும் நம்மிடையே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்களும் இணைந்து, தென்னிந்தியாவைச் சேர்ந்த ஒரு வயதுக் குழந்தையின் தோலில் தோன்றிய புள்ளியிலிருந்து எடுத்த சிறு துணுக்கின் மரபணுவைப் படித்து, அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு ரிக்கெட்சியாவை 2006-இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

புதுச்சேரியில் ஸ்க்ரப் டைபஸ் பரவியதைப் பற்றிய மருத்துவர்களின் கட்டுரை 2010-இல் வெளிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் இங்கே நிறுவிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் எலிகளையும் மூஞ்சூறுகளையும் பொறிவைத்துப் பிடித்து, அவற்றின் மேலிருந்த சிகர்களைப் பிரித்தெடுத்து, விலங்குகளின் ரத்தத்தில் கிருமியின் மரபணு இருப்பதை 2016-இல் பதிவு செய்தார்கள். ரிக்கெட்ஸ் கூடாரத்தில் செய்ததன் தொடர்ச்சியே அது.

இங்கே ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். மரபணுவைப் படிக்கும் கருவி மலிந்துவருகிறது. ஓர் உண்ணிக்குள் இருக்கும் எல்லா டிஎன்ஏவையும் ஒரே மூச்சில் படித்துவிடவும் முடிகிறது. ஆனால் அப்படிப் படித்ததில் பெரும்பகுதி உண்ணியுடையதும் அது குடித்த ரத்தத்துடையதுமாகவே இருக்கும். மீதியிலும் எல்லாம் நோய்க்கிருமி அல்ல. உண்ணிக்கு வைட்டமின் தந்து உதவும் காக்சியெல்லா வகைக் கிருமி ஒன்று உண்டு. கியூ காய்ச்சலைத் தரும் கிருமியின் உறவு அது. அரைகுறையாகப் படித்தால் ஊரெல்லாம் கியூ காய்ச்சல் என்று அலறவேண்டியதுதான். எழுத்து வரிசை வீட்டில் யார் இருந்தார் என்று சொல்லும். குற்றம் செய்தவர் யார் என்று தானாகச் சொல்லாது. அதற்கு நோயாளியின் ரத்தமும் தழும்பும், அவர் வேலை செய்த வரப்பில் பிடித்த பூச்சியும், அவர் வீட்டு மாடும் நாயும் ஒரே கணக்கில் வரவேண்டும். ரிக்கெட்ஸிடமிருந்து கற்கவேண்டியது இந்தக் கணக்கை.

நம் கிராமங்களில் இந்தக் கணக்கு முழுமையாக வைக்கப்படும் நாள் வரவேண்டும். அதற்கு வேண்டிய இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் முப்பது கிலோமீட்டருக்குள் ஜிப்மர் இருக்கிறது. நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்து நாளைக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தத்தில் ஒரு துளியும், தழும்பு இருந்தால் அதன் பொருக்கும், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கிராமங்களில் பிடிக்கும் உண்ணியும் சிகரும், கால்நடை மருத்துவர் மாட்டிலிருந்து எடுக்கும் உண்ணியும் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும். ஒவ்வொரு நோயாளிக்கும் மரபணுவைப் படிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வீண் செலவு. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தக் கிருமி நடமாடுகிறது என்று தெரிந்தால் அந்த ஊர் மருத்துவர் ஒன்பது நாள் காத்திருக்கமாட்டார். எதிர்ப்பொருளைத் தேடும் வழக்கமான ரத்தப் பரிசோதனையோ நோய் கண்டு ஒரு வாரம் ஆன பிறகே தெளிவாகக் காட்டும். நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவதும் அந்த வாரத்தில்தான்.

இத்தகைய அறிவைச் சந்தை தானாக விளைவிக்காது. ஒரு தனியார் ஆய்வகம் பாகூர் வரப்பில் உண்ணி பிடித்து யாரிடம் கட்டணம் வாங்கும்? அறிந்தால் பயன் ஊருக்கு. செலவு செய்தவருக்கு வருவாய் இல்லை. பொருளியல் இதைப் பொதுப் பண்டம் என்கிறது. பாகூருக்கு இது புதிய கருத்தும் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது என்று பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கல்விக்கு நிதி ஆண்டுதோறும் வாசலில் நின்று கேட்கவேண்டியதாக இல்லாமல் நிலையான வருவாயாக அமைந்தது என்பதே அந்தச் செப்பேட்டில் என்னைக் கவர்ந்த செய்தி. மொன்டானாவில் ரிக்கெட்ஸுக்குக் கிடைக்காதது அதுதான். பருவத்தைப் பின்தொடரும் ஆய்வுக்கு மூன்றாண்டுத் திட்டமும், இரண்டாம் தவணை வராத மானியமும் உதவுவதில்லை. ஒரு மழைக்காலம் தவறினால் ஓர் ஆண்டு தவறியதாகும்.

ரிக்கெட்ஸ் இறந்து 38 ஆண்டுகள் கழித்து, 1948-இல், மலேயாவில் ஸ்க்ரப் டைபஸுக்குக் குளோராம்பெனிகால் என்ற மருந்து முதன்முதலில் பயன் தந்தது. பின்னர் டாக்சிசைக்ளின் வந்தது. அவரைக் கொன்ற டைபஸையும், மொன்டானாவில் மரம் வெட்டியவர்களைக் கொன்ற காய்ச்சலையும் இன்று சில ரூபாய் மாத்திரை குணப்படுத்துகிறது, காலத்தில் கொடுத்தால். நம் கிராமங்களில் இந்நோயால் இறப்பவர் மருந்தில்லாமல் இறப்பதில்லை.

என் தமக்கையின் கணவர் இப்போது நலமாக இருக்கிறார். மாட்டின் காதோரம் உண்ணியைக் கண்டால் முன்பு நகத்தால் நசுக்கிவிடுவார். இப்போது துணியால் பிடித்து எடுத்து ஒரு பழைய மருந்துப் புட்டியில் போட்டு வைக்கிறார். எலிப்பொறிகளோடு ஆய்வாளர்கள் யாரேனும் ஊருக்கு வந்தால் கொடுப்பதற்காம். சென்ற முறை போயிருந்தபோது அந்தப் புட்டி மாட்டுக்கொட்டகை மாடத்தில் பாதி நிரம்பியிருந்தது.